மூளையில் வடிகால் அடைபட்டால்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் நடத்தும்போது, மூளைத் தண்டுவடத் திரவத்தை ‘அதிர்வு தாங்கி’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அது ஓடும் நீர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரியவர் ஒருவரின் மூளை அறைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. திரவம் சுரக்கிறது. ஆனால், எந்நேரமும் உள்ளே இருப்பது சுமார் 150 மி.லி. மட்டுமே. மிச்சம் எங்கே போகிறது? மாணவரிடமே கேட்டுப் பாருங்கள். தஞ்சை வட்டாரப் பிள்ளைகள் வயலை வைத்தே விடை சொல்லிவிடுவார்கள்: பாய்ச்ச வாய்க்கால் இருந்தால் வடிக்க வடிகாலும் இருக்கும். மூளையைச் சுற்றியுள்ள அரக்னாய்டு உறையின் நுண்ணிய முடிச்சுகள் வழியாகத் திரவம் சிரை இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

விபத்தில் தலையில் அடிபட்டாலோ, மூளை இரத்தக்குழாயில் பலூன்போல் புடைத்த இடம் வெடித்தாலோ, இந்த உறைக்கு அடியில் இரத்தம் பரவும். உறைந்த இரத்தம் மூளை அறைகளுக்கு இடையிலுள்ள குறுகிய பாதையை அடைக்கலாம். சிதைந்த இரத்த அணுக்கள் முடிச்சுகளில் படியலாம். வடிகாலில் வண்டலும் ஆகாயத்தாமரையும் சேர்ந்ததுபோலத்தான். பின்னர் அங்கே தழும்பு உண்டானால், இரத்தக்கசிவு நின்று பல வாரங்கள் கழித்தும் நீர் தேங்கும். சுரப்போ நிற்பதில்லை. இதுவே மூளை நீர்த்தேக்கம்.

வயல் உவமை இதற்குமேல் உதவாது. நீர் மிகுந்தால் வரப்பு உடையும். மண்டையோடு இடம் தராது. கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இணையாதிருப்பதால் தலை பெரிதாகும். பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தலை பெரிதாகாமலே அழுத்தம் ஏறும். காலையில் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாடும் நடை, கையெழுத்துக் குலைவு, ஓயாத தூக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். தலைக்காயம் ஆறிப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளையிடம் இவை தெரிந்தால் ‘சோம்பல்’ என்று எழுதிவைக்காமல், பெற்றோரை அழைத்து அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சிகிச்சை உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் பதித்து, மிகுதி நீரை வயிற்றறைக்குத் திருப்புவார்கள். புதிதாக வெட்டிய வடிகால் என்று சொல்லலாம். (சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பா. இராமமூர்த்தி நம் சீர்காழியில் பிறந்தவர்; மாணவர்களுக்குச் சொல்லத்தக்க செய்தி.)

குழாய் பொருத்திய பிள்ளை மற்றவர்களைப்போலவே படிக்கலாம். எந்த விளையாட்டு ஆகாது என்பதை மட்டும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அக்குழாயும் அடைபடக்கூடும். அப்பிள்ளைக்குத் தலைவலியோடு வாந்தியும் அரைமயக்கமும் வந்தால், வீட்டிலிருந்து ஆள் வரும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.