தோழமை கிட்டாத பிள்ளைகள்

கவனக்குறைவும் மிகுதியான துடிப்பும் சேர்ந்த மூளை வளர்ச்சிக் குறைபாடு ஒன்றுண்டு. மருத்துவர்கள் அதனை ஏ.டி.எச்.டி. என்று சுருக்கி அழைப்பர். உலகச் சிறார்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரிடம் இது காணப்படுகின்றது. இத்தகைய பிள்ளையின் பரீட்சை மதிப்பெண்ணை எண்ணிக் கவலையுறும் வாப்பாமார் பலர். அவனுக்குத் தோழர் எவரேனும் உண்டா என்று விசாரிப்போரோ மிகச் சிலர். நாம் இங்கு ஆராயப் புகுவது இந்த இரண்டாவது விஷயத்தையே.

விளையாட்டில் தன் முறை வருமுன்னே அவன் பாய்ந்து பந்தைப் பறித்துவிடுகிறான். பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கிடுகிறான். கேரம் ஆட்டத்தில் தோற்றால் காய்களைக் கலைத்துவிடுகிறான். சற்று நேரத்தில் எல்லாவற்றையும் மறந்து, மீண்டும் ஆட வருகிறான். மற்றப் பிள்ளைகளோ மறப்பதில்லை. பெண்மக்களுள் பலர் இவ்வாறு துள்ளுவதில்லை. அவர்கள் ஏதோ நினைவில் ஆழ்ந்திருப்பர். அழைத்தால் காதில் விழாததால், கர்வம் பிடித்தவள் என்ற பட்டம் கிடைக்கும்.

2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இக்குறைபாடுடைய பிள்ளைகளுள் நூற்றுக்கு 52 பேர் வகுப்பினரால் ஒதுக்கப்பட்டவர்களாக இருந்தனர். எல்லாருக்கும் பிரியமானவர் என்ற நிலையில் இருந்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த வெறுப்பு முளைக்க நாள் பல வேண்டியதில்லை. புதிய பிள்ளைகள் கூடும் இடத்தில், முதல் நாளிலேயே அபிப்பிராயம் உருவாகிவிடுகின்றது. பின்னர் அவன் திருந்தி நடந்தாலும் பழைய பெயர் எளிதில் மாறுவதில்லை. வியாபாரிகளாகிய நமக்கு இது புரியாததன்று. எடையில் ஒருமுறை குறை கண்ட வாடிக்கைக்காரர், பிறகு நாம் தராசை எத்துணை நேராகப் பிடித்தாலும் முள்ளையே உற்று நோக்குவார்.

முறை தவறாதே, பொறுமையாயிரு என்று அவனுக்கு உபதேசித்தால் ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். அவனிடமே கேட்டுப் பாருங்கள். விதிகளை ஒன்றுவிடாமல் ஒப்புவிப்பான். அறியாமையன்று அவன் குறை. அறிந்ததை வேண்டிய கணத்தில் செய்ய இயலாமையே. அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வதில் ஏறத்தாழ மூன்றாண்டுத் தாமதம் காணப்பட்டது. பத்து வயதினன் ஏழு வயதினருடன் இணங்கி ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அது கண்டு நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஆடட்டும்.

ஆகவே உதவி, ஆட்டம் நடக்கும் இடத்திலேயே கிடைக்க வேண்டும். 2010-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், பிள்ளைகளை விட்டுப் பெற்றோருக்கே பயிற்சி தந்தனர். பிள்ளைகளின் பழக்கமும் நட்பும் மேம்பட்டன. முறை எளியது. கூட்டத்தைக் கூட்டாமல் ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் போதும். என்ன ஆட்டம் என்பதை முன்னரே தீர்மானியுங்கள். சண்டை மூண்டுவிடும் பொருள்களை எடுத்து மறைத்துவிடுங்கள். அருகிலிருந்து, அவன் விட்டுக்கொடுத்த அந்த நொடியிலேயே மெச்சுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே அழைத்துச் சென்று, இரண்டே சொல்லில் முடித்துக்கொள்ளுங்கள். களைப்புத் தட்டுமுன் பலகாரம் கொடுத்து விருந்தாளியை அனுப்பிவிடுங்கள். இரவு கடை அடைத்துத் திரும்பும் வாப்பாவுக்கு இதற்கு நேரமேது? வாரத்தில் ஒரு மாலை கல்லாவைச் சிப்பந்தியிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும். எல்லாச் சுமையும் உம்மாவின் தலையில் என்பது நியாயமன்று.

இக்குறைபாடுதானா என்று மருத்துவரே நிச்சயிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே, வீடு பள்ளி என ஓரிடத்துக்கு மேற்பட்டு அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரில் பாலிகிளினிக் மூலமாகவும், மலேசியாவில் அரசாங்க மருத்துவ நிலையம் மூலமாகவும் நிபுணரிடம் செல்லலாம். மருந்து பலருக்குக் கவனத்தைக் கூட்டும்; தோழனைத் தேடித் தராது.

எஞ்சியது மற்றப் பெற்றோரின் கையில் இருக்கின்றது. "அந்தச் சைத்தான் பிள்ளையோடு சேராதே" என்று நாம் வீட்டில் சொல்லும் ஒரு வாக்கு, மறுநாள் மதரஸா முழுவதும் பரவிவிடும். சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) ஒரு வேலையாக அனுப்பினார்கள். அவரோ கடைவீதியில் சிறுவர் ஆடுவதைக் கண்டு அங்கே தங்கிவிட்டார். நபிகளார் பின்னால் வந்து அவர் பிடரியைப் பற்றினார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லப்பெயரிட்டுக் கேட்டார்களேயன்றிக் கடிந்துகொள்ளவில்லை. மதரஸா உஸ்தாதுமார்களும், துருதுருவென்றிருக்கும் பிள்ளையைக் கடைசி மூலையில் தனியே உட்கார வைப்பதை விடுத்து, ரைஹால் பலகைகளை எடுத்துப் பரப்பும் பொறுப்பை அவனுக்கும் பொறுமைசாலியான வேறொரு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம்.