செலவழுங்கலும் வேலை அனுமதிச்சீட்டும்

பொருள் தேடுதற்பொருட்டுத் தலைமகன் மனையாளைப் பிரிந்து சுரம் கடந்து செல்லுதலைப் பாலைத்திணையில் வைத்துப் பாடினர் நம் புலவர். அவனுக்கு வேண்டிய விடை ஒன்றே. அது தலைமகள் தருவது. இக்காலத்துப் பொருள்வயிற் பிரிவோனுக்கோ அரசாங்கங்களின் விடையும் வேண்டும். அவ்விடையின் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சென்ற விடுமுறையில், மாங்காட்டில் எம் தெருவினராகிய அண்ணன் ஒருவர் ஒரு தாளை எம்மிடம் நீட்டி, “தம்பி, காலேஜில் படிக்கிறாயே; இது சிங்கப்பூர் பெர்மிட்டுத்தானா, பார்த்துச் சொல்” என்றார். தம் அன்னையாரின் சங்கிலியை அடகுவைத்து அவர் ஏஜெண்டு ஒருவருக்குப் பணம் கட்டியிருந்தார். சங்கச் செய்யுளுக்குப் பொருள் கூறப் பயின்ற யாம் அத்தாளுக்குப் பொருள் கூற அறியாது நாணினோம். பின்னர் வினவித் தெளிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது அறியத்தக்கது, சிங்கப்பூரில் வேலை அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பம் செய்வோன் தொழிலாளி அல்லன் என்பது. அங்குள்ள முதலாளியோ, அவர்பொருட்டு வேலை முகவரோ மனிதவள அமைச்சுக்கு விண்ணப்பிப்பர். அமைச்சு இசைந்தால் முதற்கண் கொள்கையளவிலான ஒப்புதற் கடிதம் பிறக்கும். அதில் முதலாளியின் பெயரும், செய்தொழிலும், மாதச் சம்பளமும், பிடித்தங்களும் குறிக்கப்பெறும். தொழிலாளி புறப்படுமுன்பே அக்கடிதத்தை அவனுடைய தாய்மொழியிலும் அனுப்புதல் முதலாளியின் கடமையாம். அவன் பொருட்டு அரசுக்குச் செலுத்தும் வரியை அவன் சம்பளத்திற் பிடித்தல் ஆகாது. அந்நாட்டு முகவர் தொழிலாளியிடம் பெறும் கூலியும் ஓராண்டு வேலைக்கு ஒருமாதச் சம்பளம் என்னும் அளவினதாய், இரண்டுமாதச் சம்பளத்திற்கு மேற்படலாகாது.

இரண்டாவது, சுற்றுலா விசா வேறு, வேலை அனுமதி வேறு. “முதலில் சுற்றுலாவாகப் போய்ச் சேர்; பெர்மிட்டு அங்கே எடுத்துக்கொள்ளலாம்” என்பார் சொல் நம்பத்தக்கதன்று. அண்ணன் கையிலிருந்த தாள் அத்தகைய சுற்றுலா விசாவே.

இனி நம் நாட்டு முறையை நோக்குவாம். 1834-இல் மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் செல்லத் தொடங்கிய காலத்தே, தாம் படிக்கவியலாத தாளிற் கைந்நாட்டிட்டுக் கப்பலேறினோர் பலர். அத்துன்பங்களின் பின் 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் ஒன்று பிறந்தது. அதனிடத்தில் 1983-இல் வேறொரு சட்டம் வந்தது. இதன்படி, அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசாங்கப் பதிவு பெறல் வேண்டும். அவர் பெறத்தக்க கூலி ரூபாய் 30,000-ம் அதன்மேல் வரியுமே. அதற்கு ரசீதும் தருதல் வேண்டும். பதிவு பெற்றோர் பெயர்களை ‘இ-மைக்ரேட்’ என்னும் அரசாங்க இணையதளத்திற் காணலாம். சென்னைக் கிண்டியில், 1978-இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உண்டு.

பத்தாம் வகுப்புத் தேறாதார் சவூதி அரேபியா, ஓமன், மலேசியா முதலாய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுங்கால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் இசைவும் பெறல் வேண்டும். அவ்வதிகாரி ஒப்பந்தத்தைப் பார்த்தே விடுப்பர். தேறியவர்க்கு இத்தடை இல்லை. சிங்கப்பூர் அப்பட்டியலிலும் இல்லை. எனவே அங்குச் செல்வோனுடைய தாளைப் பார்த்தல் அவன் கடமையாகவே நின்றுவிடுகின்றது. தடையின்மையைக் காவல் என்று கருதுதல் பிழை.

செல்லத் துணிந்த தலைமகன் தலைமகளை ஆற்றுவித்தற்பொருட்டுச் சிறிது தாழ்த்தலைச் ‘செலவழுங்கல்’ என்பர். அது செல்லாதொழிதல் அன்று என்பதே தொல்காப்பியனார் கருத்து. அயல்நாடு செல்ல விழையும் நம்மவரும் அவ்வாறு சின்னாள் தாழ்த்து, கடிதத்தைத் தாய்மொழியிற் கேட்டுப் படித்து, முகவரின் பதிவை ஆராய்ந்து, பின் பணம் தருவாராக.

அண்ணன் புறப்படவில்லை, கொடுத்த பணமும் மீளவில்லை, சங்கிலி இன்றும் அடகுக்கடையிலேயே உள்ளது. அவர் பணம் கட்டுமுன் எம்மிடம் வந்திருப்பினும் அன்று யாம் விடை கூறியிரோம் என்பதே எம்மை வருத்துகின்றது. மாணாக்கர்காள்! நம் தெருவினர் நம்மிடம் நீட்டும் தாளைப் படித்துப் பொருள் கூறுதலும் கல்வியின் பயனேயாம்.