கேமுக்குள் ஒளிந்திருப்பது என்ன?



வீடு கட்டுவது, தோட்டம் போடுவது, மீன் பிடிப்பது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது என்று அன்றாட வாழ்க்கையையே விளையாட்டாக ஆக்கிய கேம்கள் செல்போனில் உண்டு. நம்ம வகுப்பிலும் நிறைய பேர் ஆடுறாங்க. நானும்தான்.

கோடை விடுமுறையில் ஒரு வீடியோ பார்த்தேன். "இந்த கேமுக்குள் யாருக்கும் தெரியாத மாடி வீடு இருக்கு, இந்த ஃபைலைப் போட்டால் திறக்கும்" என்றார்கள். அம்மா போனில் போட்டேன். "தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கலாமா?" என்று போன் கேட்டது. சரின்னு அழுத்திட்டேன். மாடி வீடு வரலை. எதைத் தொட்டாலும் விளம்பரம் வந்தது. கடைக்கார அண்ணன், "எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாகும்" என்றார். அழித்தார். போனில் இருந்த தாத்தா போட்டோவும் போயிடுச்சு. தாத்தா போன வருஷம் இறந்துவிட்டார்.

பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன்: "டீச்சர், கேமுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு சொல்றதே பொய்யா?" டீச்சர், "அது உண்மைதான். திறந்து தர்றேன்னு சொன்னதுதான் பொய்" என்றார். பிறகு கணினி அறையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எப்படி ஒளிந்திருக்கிறது?

ஒரு நாற்காலி கேமில் இருக்க அதன் படம், பெயர், விலை, எண் எல்லாம் உள்ளே பதிந்திருக்க வேண்டும். அதை நமக்குக் கொடுக்க ஒரு வழியும் வேண்டும்: கடையில் விற்கணும், இல்லை யாராவது பரிசாகத் தரணும். அந்த வழியை மட்டும் எடுத்துவிட்டால் நாற்காலி உள்ளேயே கிடக்கும். ஆனால் யார் கைக்கும் வராது.

ஏன் அழிக்காமல் விடுகிறார்கள்?

1. நம் வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். 14-ஆம் எண் மாணவி நடுவில் டி.சி. வாங்கிப் போனால் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார்கள். 15-ஐ 14 ஆக மாற்றுவதில்லை. மாற்றினால் அதுவரை போட்ட வருகையெல்லாம் குழம்பிவிடும். கேமிலும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் உண்டு. ஒன்றை உருவினால் வேறு எங்கோ தகராறு வரலாம். அதனால் கதவைச் சாத்திவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள்.

2. வெளியிடும் தேதி நெருங்கும்போது பாதி முடிந்த வேலை அப்படியே நின்றுபோகும்.

3. அடுத்த பண்டிகைக்கு வரவேண்டிய பொருளை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டு, நாள் வந்ததும் திறப்பார்கள். திறக்காமலே போவதும் உண்டு.

4. செய்தவர்கள் சோதித்துப் பார்க்க வைத்த கருவிகளும் மிஞ்சும்.

உண்மையில் நடந்தது

இந்த வகை விளையாட்டில் பேர்பெற்றது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் செய்த "அனிமல் கிராசிங்". 2001-இல் ஜப்பானில் முதலில் வந்தது. அது போன் கேம் இல்லை, டி.வி.யில் இணைத்து ஆடுவது. 2002-இல் "கேம்கியூப்" என்ற பெட்டிக்காக அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் உங்கள் வீட்டில் வைக்கிற சாமான்களில் ஒன்று பழைய வீடியோ கேம் பெட்டி. அதைத் தொட்டால் நிஜமாகவே ஒரு பழைய கேம் ஆடலாம். கேமுக்குள் கேம்!

அந்த அமெரிக்க டிஸ்க்கில் 1985-இல் வந்த "சூப்பர் மரியோ பிரதர்ஸ்", 1986-இல் வந்த "த லெஜண்ட் ஆஃப் செல்டா" இரண்டும் முழுசாக இருந்தன. ஆனால் சாதாரணமாக ஆடுகிறவருக்கு எத்தனை வருஷம் ஆடினாலும் கிடைக்காது. "ஆக்‌ஷன் ரீப்ளே" என்ற தனிக் கருவியை வைத்துத்தான் எடுத்தார்கள்.

மரியோ கேமின் அளவு வெறும் 40 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரு போட்டோ 2 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் 50 மரியோ அடங்கும்! இவ்வளவு சிறிசா இருந்தால் உள்ளே கிடந்தாலும் யாருக்கு என்ன பாரம்?

இன்னொரு அதிசயம். அதே டிஸ்க்கில் பெயரில்லாத ஒரு கேம் பெட்டியும் இருந்தது. தொட்டால் "ஆட கேம் எதுவும் இல்லை" என்று மட்டும் சொல்லும். 2018-இல் ஒரு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் உள்ளே இருந்த நிரலைப் படித்தார். அந்தப் பெட்டி சும்மா இல்லை, மெமரி கார்டில் ஏதாவது பழைய கேம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்கிறது! 16 வருஷம் கழித்துத்தான் அந்த விஷயம் வெளியே வந்தது.

போன் கேமில் ஒரு வித்தியாசம்

இதே வரிசையில் 2017-இல் "பாக்கெட் கேம்ப்" என்ற போன் கேம் வந்தது. அது நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொண்டே ஓடியது. 2024 நவம்பரில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் போனில் படங்கள் மிச்சம் இருந்தாலும் ஆட முடியாது. நல்லவேளையாக அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும் என்று புதிய பதிப்பு விட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. இப்படிப்பட்ட கேம்களில் உங்களிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கு பெரும்பாலும் சர்வரில் இருக்கும். போனில் யாரோ தரும் ஃபைலைப் போட்டு அதை மாற்ற முடியாது. "திறந்து தருகிறேன்" என்பவர் திறப்பது நம் போனைத்தான்!

மிச்சம் மீதியைத் தேடிப் படிப்பது தப்பில்லை. வீட்டுச் சுவரில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினால் அதற்கு முந்தின நிறம் தெரியுமே, அதுபோல ஒரு கேமை எப்படிச் செய்தார்கள் என்பது அதில் தெரியும். அதற்கு நிரல் எழுதக் கற்கணும். நான் கணினி அறையில் ஆரம்பித்துவிட்டேன்.

கேமில் யாருக்கும் வேண்டாத நாற்காலிகூட அழியாமல் கிடக்கிறது. எங்கள் வீட்டில் வேண்டியது அழிந்துபோச்சு. அம்மா திட்டவே இல்லை. "இனிமே கேட்டுட்டுச் செய்" என்று மட்டும் சொன்னாங்க. அதனால்தான் இதை எழுதினேன். நீங்களும் கேட்டுட்டுச் செய்யுங்க. வீட்டில் முக்கியமான போட்டோ இருந்தால் இன்றைக்கே வேறு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி