சங்கீதம் தெரியாதவர் சபாவுக்குப் போகலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்திருக்கிறேன். தரமணியில் அலுவலகம், வேளச்சேரியில் விடுதி. சனி, ஞாயிறு முழுக்க அறையில் கைபேசியோடு போய்விடுகிறது. கச்சேரி, கண்காட்சி என்று இந்த ஊரில் எவ்வளவோ நடக்கிறது. ஆனால் எனக்குச் சங்கீதம் தெரியாது. கூட வரவும் ஆள் இல்லை. போன மார்கழியில் ஒரு சபா வாசல்வரை போய், பட்டுப்புடவைக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். இரவு ஒன்பதுக்குள் விடுதிக்கும் வந்துவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, மேடம்?
– வாசகி ஒருவர், வேளச்சேரி

பதில்: சங்கீதம் தெரியாது என்று அம்பாசமுத்திரத்துக்காரர் எழுதலாமா? திருநெல்வேலியிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் ரயில் பாதையில்தான் காருகுறிச்சி இருக்கிறது. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து வரும் நாதஸ்வரம், அந்த ஊர் அருணாசலம் வாசித்தது. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. ராகத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம்; ராகம் உங்களுக்குத் தெரியும்.

சபா வாசலில் வந்த தயக்கம் உங்கள் குறை அல்ல. இந்த அரங்குகள் நெடுங்காலம் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே இருந்தவை. யார் பாடுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று டி.எம். கிருஷ்ணா போன்ற பாடகர்களே உரக்கக் கேட்டிருக்கிறார்கள். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்துதான் 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாரிமுனைக்கு அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் அதன் இசை விழா டிசம்பரில் நடக்கிறது. பாட்டின் சொல் புரிந்தால்தான் மனம் ஒட்டும் என்றால் அங்கே போங்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். நிறைய இடங்களுக்குப் போகாதீர்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பட்டியல் போட்டுக்கொண்டு சுற்றினால் இந்த ஊரில் விருந்தாளியாகவே இருப்பீர்கள். ஒரே அரங்குக்கு நாலு வாரம் போய்ப் பாருங்கள், வாசலில் நிற்பவர் தலையசைப்பார். பக்கத்து இருக்கை மாமி “போன வாரம் காணோமே” என்பார். துணை இப்படித்தான் கிடைக்கும்.

உங்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. வேளச்சேரியில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் மயிலாப்பூர் சபாக்கள் பக்கத்தில்தான். கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவனில் மார்கழி அல்லாத மாதங்களிலும் நிகழ்ச்சிகள் உண்டு. மார்கழியில் பெரிய பெயர்கள் பாடும் மாலைக் கச்சேரிக்கு முட்டிமோத வேண்டாம். பிற்பகலில் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். பல சபாக்களில் அதற்குக் கட்டணமே கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே விடுதிக்குத் திரும்பிவிடலாம். இருபது பேர் மட்டுமே இருக்கும் அரங்கில் உயிரைக் கொடுத்துப் பாடுகிற பிள்ளைகளை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நீங்கள் தேவை. கேன்டீனுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். காபி குடித்துவிட்டே உள்ளே போகலாம்.

மார்கழி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிற்பக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். சோழர் காலத்து வார்ப்பு. ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒன்று. இரண்டு விதமான இடுப்பும் தோளும் ஒரே உடலில் எங்கே சேருகின்றன என்று தேடிப் பாருங்கள், கண்டுபிடிக்க முடியாது. முதல் முறை போகும்போது இந்த ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றவை ஓடிவிடாது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவுக்கும் போய் வாருங்கள். அங்கே தனியாக வந்தவர் என்று யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது.

கச்சேரியில் உட்கார்ந்ததும் என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவரின் கையைப் பாருங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. தொடையில் மெல்லப் போட்டுப் பாருங்கள். தவறினால் யாரும் கேட்கப் போவதில்லை. வர்ணத்தில் தொடங்கிச் சிறு சிறு கீர்த்தனைகளாக வளர்ந்து, நடுவே ஒரு பெரிய உருப்படி, கடைசியில் துக்கடாக்கள் என்ற இன்றைய கச்சேரி முறைக்கு வழிவகுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஆகவே முதல் அரைமணியில் மனம் ஒட்டவில்லையென்றால் கவலைப்படாதீர்கள், கச்சேரி இனிமேல்தான் சூடுபிடிக்கும். ராகப் பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘கவிக்குயில்’ படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டு ரீதிகௌளை. அதை நாலு தடவை கேட்டுவிட்டுப் போனால், மேடையில் அந்த ராகம் வரும்போது சட்டென்று நிமிர்ந்து உட்காருவீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெரிய உருப்படி முடிகிற இடத்தில் பாடகர் ஓய்ந்து, மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனம் தொடங்கும். பாதி அரங்கம் அப்போதுதான் எழுந்து காபிக்குப் போகும். நீங்கள் போகாதீர்கள். அன்று மாலை முழுவதும் மற்றவருக்காக வாசித்த கலைஞருக்குக் கிடைக்கும் நேரம் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான்.