கோபுரம் இல்லாத விமானத் திடலில் யாருக்கு முதலிடம்?

மாணவர்களே, தோட்டத்துச் செம்மண் சாலைகள் சந்திக்கும் இடத்தில் சமிக்ஞை விளக்கு இருப்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று பார்த்து, வழிவிட்டுத்தான் கடக்கின்றன. உலகின் சிறிய விமானத் திடல்கள் பலவும் இப்படித்தான். ‘இறங்கலாம்’ என்று சொல்ல அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. பயிற்சி விமானிகள் அங்கே எப்படி மோதாமல் இறங்குகிறார்கள்?

முதலில் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். திடலோரக் கம்பத்தில் கட்டிய துணிப்பை அதைக் காட்டும். விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். ஏன்? விமானம் காற்றில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்காற்றில் தரையைத் தொடும் வேகம் 80. பின்காற்றில் 120, அதாவது ஒன்றரை மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்காகிவிடும்!

அடுத்து, எல்லா விமானங்களும் ஓடுபாதையை ஒட்டிய ஒரே செவ்வகப் பாதையில் வரவேண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய 1000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் பறப்பது ‘டவுன்விண்ட்’. ஓடுபாதை முனையைத் தாண்டியபின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே திரும்புவது ‘பேஸ்’. மீண்டும் திரும்பி ஓடுபாதைக்கு நேராக வருவது ‘ஃபைனல்’. பொதுவாகத் திருப்பங்கள் இடப்பக்கமே. விமானி இடப்பக்க இருக்கையில் அமர்வதால் ஓடுபாதை அவர் கண்ணில் இருக்கும். மலையோ குடியிருப்போ குறுக்கிட்டால் சில திடல்களில் வலப்பக்கம் திரும்புவார்கள்.

இரண்டு விமானங்கள் இறங்க வந்தால், தாழ்வாக இருப்பதற்கே முன்னுரிமை. அதற்காக, ஃபைனலில் வருபவரின் முன்னே வேண்டுமென்றே தாழ்ந்து குறுக்கே புகக்கூடாது. அவசரமாக இறங்கவேண்டிய விமானத்திற்கு எல்லாரும் வழிவிட வேண்டும். விமானி தாம் இருக்கும் இடத்தை வானொலியில் அறிவிப்பார். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் இடைவெளியைச் சரிசெய்வார்கள்.

ஆனால் வானொலி மட்டும் போதாது. 1996 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் குவின்சி நகரில், கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் இறங்க வந்தது. குறுக்கு ஓடுபாதையில் நின்ற விமானம் காத்திருக்குமா என்று அதன் விமானிகள் வானொலியில் கேட்டார்கள். பதில் சொன்னதோ, அதற்குப் பின்னால் நின்ற வேறொரு சிறு விமானம். கேட்டவர்கள் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டார்கள். முன்னால் நின்ற விமானம் ஓடத் தொடங்கியது. ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதின. 14 பேரும் உயிரிழந்தனர். ஓடத் தொடங்கிய விமானத்தின் விமானிகள் வானொலியைக் கவனிக்கவில்லை, சுற்றிலும் சரியாகப் பார்க்கவில்லை என்பதே முதன்மைக் காரணம் என்று விசாரணை கூறியது. காதும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

செய்து பாருங்கள்: நம் அண்டை மாநிலமான மலாக்காவின் விமான நிலைய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 03, மறுமுனையில் 21 என்று எண். அவை திசைகாட்டியின் 30, 210 பாகைகளைப் பத்தால் வகுத்தவை. உங்கள் பள்ளித் திடலை ஓடுபாதையாக எண்ணி, திசைகாட்டியால் அதன் இரு எண்களைக் கண்டுபிடியுங்கள். ஒரு குச்சியில் மெல்லிய துணி கட்டிக் காற்றைப் பாருங்கள். இன்று எந்த எண்ணில் இறங்குவீர்கள்?