ஈவு தராத கம்பெனிகள்

போன ஞாயிறு மாலை பஜனை முடிந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார்.

"அண்ணே, டெக்னாலஜியில முதலீடு பண்ற கம்பெனியாம். மாசம் 8 விழுக்காடு ஈவு. அம்மா சேமநிதியில எடுத்த காசு சும்மாதானே கிடக்கு, போடலாமா?"

"அமேசான் எவ்வளவு ஈவு தருது, தெரியுமா?" என்று கேட்டேன். தெரியவில்லை. 1997இல் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம் ஒரு காசுகூட ரொக்க ஈவு தந்ததில்லை. பேஸ்புக்கை நடத்தும் மெட்டா முதல் ஈவு கொடுத்ததே 2024இல்தான்.

தம்பி நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளில் முதலீடு என்றாலே ஈவுதான். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்ட மக்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். பால் விற்ற காசு ஈவாக வந்தது. சேமநிதி வாரியமும் ஆண்டுதோறும் ஈவு அறிவிக்கிறது, 2024க்கு 6.30 விழுக்காடு.

ஆனால் பால்மரத்தை வெட்டி மறுநடவு செய்தால் ஐந்தாறு வருஷத்துக்குப் பால் கிடையாது. அப்போது கையிலிருக்கும் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் கன்றுக்கும் உரத்துக்கும் எங்கே போவது? அமேசான் இலாபத்தைக் கிடங்கு, கணினி மையம் என்று திரும்பவும் தொழிலிலேயே போடுகிறது. கூலிமிலும் ஆலை வைத்திருக்கும் இன்டெல், 1992 முதல் கொடுத்துவந்த ஈவை 2024 கடைசிக் காலாண்டிலிருந்து நிறுத்தியது. ஒரு பக்கம் நட்டம், இன்னொரு பக்கம் புது ஆலைகளுக்குப் பணம் வேண்டும்.

சின்னச் சின்ன டெக் கம்பெனிகளில் முதல் போடும் நிறுவனங்களின் கதை வேறு. அவற்றின் இலாபம் பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கும். சுங்கைப் பட்டாணியில் வாங்கிய வீட்டின் விலை ஏறினாலும், விற்கும்வரை கையில் காசு வராதே, அந்த மாதிரி. கையில் வராத காசை மாசாமாசம் எப்படிப் பங்கிடுவது?

அதற்காக, ஈவு தராததெல்லாம் நல்ல கம்பெனி என்று எண்ணிவிட வேண்டாம். மறுநடவு என்று சொல்லி மரத்தை மட்டும் வெட்டி விற்பவர்களும் உண்டு. ஆண்டறிக்கையில் வியாபாரத்திலிருந்து ரொக்கம் வருகிறதா, அது எதில் போகிறது என்று பார்க்க வேண்டும்.

"மாசம் 8 என்றால் வருஷத்துக்கு 96 விழுக்காடு. எந்த வியாபாரத்திலிருந்துப்பா வருது?" என்றேன். தம்பி பேசவில்லை. செக்யூரிட்டீஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்த்தோம். இருந்தது.

"அண்ணே..." என்று இழுத்தார். "முந்தாநாள் 3,000 வெள்ளி அனுப்பிட்டேன்."

சுண்டலை அப்படியே வைத்துவிட்டு, மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அடித்தோம். மறுநாள் காலை போலீஸ் புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.