சூரியப் புயல்: பயமா, பாடமா?



"சூரியப் புயல் வருதாம், மூணு நாளைக்கு உலகமே இருட்டாயிடுமாம்." இந்தக் கதை நம் லயங்களிலும் அடிக்கடி அடிபடுகிறது. பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்கும்போது சரியான பதில் சொல்ல, நாம் கொஞ்சம் படித்து வைத்துக்கொள்வோம்.

சூரியனில் கரும்புள்ளிகள் தோன்றுவதுண்டு. சுமார் 11 வருஷத்துக்கு ஒரு முறை அவை கூடிக் குறையும். கூடும் காலத்தில் சூரியனில் வெடிப்புகளும் அதிகம். வெடிக்கும்போது மின்துகள்கள் மேகம் போலக் கிளம்பும். அது பூமியை வந்து தாக்குவதுதான் சூரியப் புயல்.

அதனால் சூரியன் அணையாது. ஆனால் கரண்ட் போகலாம். 1989 மார்ச் 13ஆம் திகதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அப்படித்தான் நடந்தது. சுமார் 60 இலட்சம் பேர் 9 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் தவித்தார்கள்.

இதை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும். வெடிப்பின் வெளிச்சம் 8 நிமிடத்தில் நம்மிடம் வந்துவிடும். துகள் மேகம் வந்து சேரப் பெரும்பாலும் 1 முதல் 3 நாள் எடுக்கும். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் தவணை. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் செய்மதிகள் காவல் நிற்கின்றன. இந்தியாவின் ஆதித்யா எல்-1 செய்மதியும் 2024 ஜனவரி 6இல் அங்கே போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள நிலையம் இரவு பகலாகக் கவனித்து, புயலை 1 முதல் 5 வரை தரம் பிரித்து அறிவிக்கிறது.

2024 மே 10இல் வந்தது 5ஆம் தரப் புயல். எச்சரிக்கை முன்னரே கிடைத்ததால் மின்சாரக்காரர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். செய்மதியைப் பார்த்து ஓடும் உழவு இயந்திரங்கள் அமெரிக்க வயல்களில் தடுமாறின. ஆனால் உலகம் இருண்டு போகவில்லை.

நம் உடம்புக்கும் பயமில்லை. பூமியின் காந்த சக்தியும் காற்று மண்டலமும் குடை பிடித்து நம்மைக் காக்கின்றன. புயலின் வேகம் துருவப் பக்கத்து நாடுகளில்தான் கூடுதல். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்குக் கிட்ட.

இனி யாராவது இந்தக் கதையைச் சொன்னால் மூன்று கேள்வி கேட்போம்: யார் அறிவித்தது? என்றைக்கு? எத்தனையாம் தரம்? பதில் இல்லையென்றால் அது வதந்தி.

இன்னொன்று: புள்ளி பார்க்கிறோம் என்று பிள்ளைகள் வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்க விடவே கூடாது. கண் போனால் திரும்பாது.